அடுத்த ரைடு 120 செ.மீ. பிள்ளைக்காக இருக்கட்டும்

பெங்களூரைச் சுற்றியுள்ள கேளிக்கைப் பூங்காக்களின் நிர்வாகத்தினருக்கும், எந்த ரைடு வாங்குவது என்று முடிவெடுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

கோடை விடுமுறையை ஒட்டி நகரில் எழுந்த ஒரு விளம்பரப் பலகைதான் இந்த மடலை எழுத வைத்தது. எந்தப் பூங்காவினுடையது என்பது வைத்தவர்களுக்குத் தெரியும். தலைகீழாகப் புரளும் ரோலர் கோஸ்டர். அதன் கீழே அப்பா, அம்மா, நடுவில் ஏழெட்டு வயதுப் பெண்குழந்தை. 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று ஒரு வரி. அந்த ரைடின் உயர வரம்பு 140 செ.மீ. படத்தில் சிரிக்கும் அந்தக் குழந்தை அதில் ஏற இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அடுத்து என்ன ரைடு வரும் என்ற பேச்சு இங்கே ஓய்ந்ததே இல்லை. 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே வொண்டர்லா பூங்கா திறந்து, அங்கே 'தஞ்சோரா' என்ற தொங்கு கோஸ்டர் (தண்டவாளத்துக்குக் கீழே இருக்கைகள் தொங்கியபடி ஓடுவது) ஓடத் தொடங்கியதும் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் செய்த ரைடு அது. அதே நிறுவனத்தின் 'நைட்ரோ' 2013லேயே மும்பைக்குப் பக்கத்தில் கோபோலிக்கு வந்துவிட்டது. 2005லேயே பிடதியில் பெரிய பூங்கா திறந்த நம் ஊருக்கு அப்படி ஒன்று எப்போது வரும் என்று அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் ஓசூரிலும் இளவட்டங்கள் கேட்பது நியாயம்தான். எங்கேயாவது அஸ்திவாரக் குழி தோண்டினால், போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் வைத்தே எந்த மாடல் என்று ஊகிக்கிறவர்கள் எங்களிலும் உண்டு. பெரிய கோஸ்டர் வந்தால் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவோம்.

ஆனாலும் வரிசையில் முதலிடம் அதற்கில்லை என்று சொல்லவே இந்த மடல். அடுத்து நீங்கள் ஆர்டர் கொடுப்பது ஒரு குடும்பக் கோஸ்டராக இருக்க வேண்டும். 100 செ.மீ. பிள்ளை பெரியவர் துணையோடும், 120 செ.மீ. பிள்ளை தனியாகவும் ஏறக்கூடிய கோஸ்டர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். 7 வயதுப் பிள்ளையின் நடுநிலை உயரம் ஏறக்குறைய 121 செ.மீ. 10 வயதில் பையனுக்கு 138 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, பெண்ணுக்கு 138.6. அதாவது பத்து வயது முடிந்த பிள்ளைகளிலும் பாதிக்கு மேல் 140ஐ எட்டியிருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், குழந்தைகள் பகுதியில் இருக்கும் குட்டி ரயிலும் சுழலும் கோப்பையும் தவளைத் தாவலும் 110, 120 செ.மீ.யோடு முடிந்துவிடுகின்றன. ஆக, இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளை, கீழே உள்ளதற்கு வளர்ந்துவிட்டது, மேலே உள்ளதற்கு வளரவில்லை. பூங்காவுக்குப் போகலாம் என்று வீட்டில் அடம்பிடித்து அழைத்து வருவதே அந்த வயதுப் பிள்ளைதான்.

இந்த இடைவெளி எங்கே வலிக்கிறது என்றால், வரிசையின் கடைசியில். பல ரைடுகளில் உயரத்தை அளப்பது வரிசையின் வாசலில் இல்லை. மேலே, ரயில் வந்து நிற்கும் மேடையில். சனிக்கிழமை மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம் ஊர்ந்து, முன்னால் இருப்பவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, கடைசிக் கதவுக்கு வந்தபிறகு ஊழியர் கோலைக் காட்டுகிறார். 138. பிள்ளை நுனிக்காலில் நிற்கிறது, பின்னால் இருப்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள், ஊழியர் தலையசைக்கிறார். அவர் செய்வது சரி. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையோடு பக்கவழியாக இறங்க வேண்டும். அவர் நின்ற ஒரு மணி நேரமும் போச்சு. மற்றவர் மட்டும் ஏறிவிட்டு வந்தால், இறங்கினவர் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலத்திலிருந்து விடிகாலையில் வேன் பிடித்து வருகிற குடும்பத்துக்கு இப்படி இரண்டு வரிசை வீணானால் பாதி நாள் முடிந்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மனித உடல் காலையில் இருப்பதைவிட மாலையில் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைகிறது, முதுகெலும்பு வட்டுகள் நாள் முழுக்க அழுந்துவதால். காலையில் 140 தொட்ட பிள்ளை மாலையில் தொடாது. செருப்போடு அளப்பதா, கழற்றிவிட்டு அளப்பதா என்பதும் ரைடுக்கு ரைடு மாறுகிறது. ஒரே பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு பதில் கிடைக்கிறது.

அதற்காக 140ஐ 130 ஆக்குங்கள் என்று நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம். அந்த எண்ணை நிர்ணயிப்பது ரைடைச் செய்தவர். பூங்கா அதைக் கூட்டிக்கொள்ளலாம், குறைக்கக் கூடாது. தோளுக்கு மேலிருந்து இறங்கும் தடுப்பு குட்டையான உடலில் தோளில் அமராது. இடைவெளி விட்டு நிற்கும், தலை அதில் மோதும். தொடைக்கு மேல் மூடும் லாப் பார், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றாக இருந்தால், பருமனான தொடையில் தட்டி நின்றுவிடும். பக்கத்தில் உள்ள பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே காற்றுதான் இருக்கும். மேட்டில் ஏறி இறங்கும் நொடியில் உடல் எழும்பும்போது அந்தக் காற்றுதான் ஆபத்து. பழைய ரைடில் அளவுகோலைத் தளர்த்துவது இதற்குத் தீர்வாகாது. ஒவ்வொரு இருக்கைக்கும் தனி லாப் பார் உள்ள, சின்ன உடலைக் கணக்கில் எடுத்தே வடிவமைத்த புதிய ரைடு வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அப்படிப்பட்டவை சந்தையில் நிறையவே இருக்கின்றன. நெதர்லாந்தின் வெகோமா விற்கும் 335 மீட்டர் ஜூனியர் கோஸ்டர் சுமார் 13 மீட்டர் உயரம், மணிக்குச் சுமார் 46 கி.மீ. வேகம், தலைகீழ் வளைவு கிடையாது. அதே நிறுவனத்தின் ஃபேமிலி பூமராங் முன்னும் பின்னுமாக ஓடும், சுமார் 60 கி.மீ. தொடும். தொங்கு வகையிலும் குடும்ப மாடல் உண்டு. 'தஞ்சோரா' போல வேண்டும் என்று ஏங்குகிற பிள்ளைக்கு அது முதல் படி. நம் பக்கத்து நிலத்துக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. பிடதி, ராமநகரம் பக்கம் மேடும் பள்ளமுமான கருங்கல் பூமி. சரிவை ஒட்டித் தரைக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலேயே ஓடும் பாதை அமைத்தால் உயரமான தூண்கள் தேவைப்படாது. மரமும் பாறையும் பக்கத்தில் விரைவதால் 45 கி.மீ. வேகமே 70 போலத் தெரியும். எங்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வோம்.

எதை வாங்கினாலும் ஒற்றை ரயில் மாடலை வாங்காதீர்கள். கணக்கு எளிது. 20 பேர் ரயில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட்டால் மணிக்கு 40 ஓட்டம், 800 பேர். ஒரே ரயில் போய்த் திரும்பி, பையை எடுத்து, அடுத்தவர் ஏறி, பெல்ட்டும் பாரும் சரிபார்த்துக் கிளம்ப மூன்றரை நிமிடம் ஆனால் 17 ஓட்டம், 340 பேர். முன்னால் 400 பேர் நின்றால் முதலாவதில் அரை மணி, இரண்டாவதில் ஒரு மணி பத்து நிமிடம். குழந்தைகள் நிற்கும் வரிசைக்கு இந்த வித்தியாசமே எல்லாம். இரண்டு ரயில் ஓட வேண்டுமானால் பாதை குறைந்தது மூன்று பிளாக்காக, அதாவது ஒரு நேரத்தில் ஒரு ரயிலை மட்டும் அனுமதிக்கும் பகுதிகளாக, பிரிந்திருக்க வேண்டும்: மேடை, ஏற்றம், பிரேக் பகுதி. இதை ஆர்டர் கொடுக்கும் முன்பே எழுதி வாங்க வேண்டும்; பாதை நட்ட பிறகு கூட்ட முடியாது. மேற்சொன்ன ஃபேமிலி பூமராங் முன்னும் பின்னுமாக ஓடுவதால் அதில் ஒரு ரயில்தான் ஓட முடியும்; இந்த ஒரு காரணத்தால் அது எங்கள் பட்டியலில் கீழே இறங்குகிறது.

பிரேக் காந்த வகையாக இருக்கட்டும். உரசிப் பிடிக்கும் பிரேக் நனைந்தால் வழுக்கும். மே மாத மாலை மழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் அடிக்கிற ஊரில், தூறல் விட்டபின்னும் பாதை காயும்வரை ரைடு நிற்கும். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் ரைடுகளில் இறங்கப் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். அந்த மாதங்களில் அவர்களுக்கு மிஞ்சுவது உலர் ரைடு மட்டுமே என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புது ரைடு என்று அறிவிக்கப்படுபவை எல்லாம் புதியவையா? வேறொரு பூங்காவில் பல வருடம் ஓடியதைப் பிரித்துக் கொண்டுவந்து, பெயிண்ட் அடித்து, புதுப் பெயர் சூட்டுவது உலகம் முழுக்க நடக்கிறது. அது தவறே என்று சொல்லவில்லை. ஆனால் பற்றவைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று காந்தத்துகள் சோதனையும் அல்ட்ராசவுண்டு சோதனையும் செய்தார்களா, ரைடைத் தயாரித்தவர் இன்னும் உதிரிபாகம் தருகிறாரா என்று கேட்கும் உரிமை டிக்கெட் வாங்குகிறவருக்கு உண்டு. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ரைடு முறிந்து விழுந்து உயிர்கள் போயின. 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ரைடில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயரத்தில் மணிக்கணக்கில் சிக்கி, தீயணைப்புத் துறையின் ஏணி வண்டி வந்துதான் இறங்கினார்கள். அந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் எல்லாப் பூங்காக்களும் 'எங்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது' என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன. எந்த ரைடை யார் செய்தார், எந்த ஆண்டு, கடைசியாக எப்போது பிரித்துச் சோதித்தார்கள் என்று ரைடின் வாசலில் ஒரு பலகை வைக்க இவ்வளவு தயக்கம் ஏன்? லிஃப்டுக்குள் ஒட்டுகிற சான்றிதழை ரைடில் ஒட்ட முடியாதா?

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதுவும் எங்கள் கோரிக்கையோடு சேர்ந்ததுதான். 13 மீட்டர் கோஸ்டர் பாதியில் நின்றால், ஏற்றத்தின் பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கும். ஊழியர் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து நடத்தி இறக்கிவிடலாம். ஏணி வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பூங்கா நுழைவுக் கட்டணத்தின் ஜி.எஸ்.டி. 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. குடும்பங்கள் வருகிற இடம் என்பதால் கிடைத்த சலுகை என்றே நாங்கள் அதைப் பார்க்கிறோம். அந்தக் குடும்பத்தின் நடுப்பிள்ளைக்கு ஒரு கோஸ்டர் என்பது பெரிய கேள்வி அல்ல.

ஆர்டர் கொடுத்து, பாகங்கள் கப்பலில் வந்து, நட்டு, சோதித்துத் திறக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடிய சில உண்டு. டிக்கெட் கவுண்டரைத் தாண்டியதும், செருப்பைக் கழற்றி, ஒரே கோலில், ஒரே முறை அளந்து, வரம்புக்கு ஒரு நிறமாகக் கைப்பட்டை கட்டுங்கள். எல்லா ரைடிலும் அந்தப் பட்டையே செல்லட்டும். வரிசையின் வாசலிலேயே அந்த நிறத்தைப் பார்த்து அனுப்புங்கள். பெற்றோரில் ஒருவர் ஏறி இறங்கியதும், பிள்ளையோடு வெளியே நின்ற மற்றவர் வெளியேறும் வழியாக வந்து நேரே ஏறிக்கொள்ள ஒரு சீட்டு கொடுங்கள். பல வெளிநாட்டுப் பூங்காக்களில் இது அன்றாட நடைமுறை. உயர வரம்புப் பலகையைக் கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுதுங்கள்; எல்லை தாண்டி வருகிறவர்கள் ஏராளம். பராமரிப்புக்காக மூடிய ரைடுகளின் பட்டியலைப் பணம் வாங்கும் முன் காட்டுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தாலும் 120 செ.மீ. பிள்ளைக்கு ஏற ஒரு ரைடு இருக்க வேண்டுமே. எனவே மீண்டும் அதையே பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்: அடுத்து வாங்குவது குடும்பக் கோஸ்டராக, இரண்டு ரயில் ஓடுவதாக, தனித்தனி லாப் பார் உள்ளதாக இருக்கட்டும். ஆர்டரில் கையெழுத்திடும் முன், ரைடைச் செய்பவர் யார், உயர வரம்பு என்ன, மணிக்கு எத்தனை பேர் என்ற மூன்றையும் பொதுவில் அறிவித்து, ஒரு மாதம் கருத்துக் கேளுங்கள். பதில் எழுத நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூருத் தமிழ் ரைடு ஆர்வலர்கள் சிலர்