கார்மோ மடமும் நமது கோட்டைத் தேவாலயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பாவில் வாழும் பிள்ளைகளிடம் சென்றுவரும் நம்மவர் சிலர் இப்போது போர்த்துக்கல்லின் தலைநகரான லிஸ்பனையும் பார்த்து வருகின்றனர். ஆற்றங்கரைப் பெலேமில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையுள்ள மடாலயத்தையும் கோபுரத்தையும் கண்டதோடு அவர்கள் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மலைகள்மேல் அமைந்த அந்நகரில், பைஷா எனும் கீழ்நகருக்கு மேலே நிற்கிறது கார்மோ மடம். 1389 இல் நிறுவப்பட்ட அம்மடத்தின் தேவாலயம், 1755 நவம்பர் 1 ஆம் திகதி, சகல புனிதர்களின் திருநாள் காலையில், நகரையே தகர்த்த நிலநடுக்கத்தில் கூரை இழந்தது. மீளக் கட்டத் தொடங்கிய வேலையும் 1834 இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டபோது நின்றுபோயிற்று. பின்வந்தோர் கூரை வேயாமல், எஞ்சிய வளைவுகளை அப்படியே பேணி, 1864 இல் அங்கே தொல்பொருட் காட்சிச்சாலை அமைத்தனர். அந்த நடுமண்டபத்தில் நின்று வளைவுகளுக்கிடையே வானத்தைப் பார்ப்பவருக்கு, நகரம் பட்ட துயரை எந்த வழிகாட்டியும் விளக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில் நடக்க இயலாத முதியோர், 1902 இல் திறக்கப்பட்ட சாந்தா ஜூஸ்தா மின்தூக்கி இயங்குகிறதா என விசாரித்துச் செல்வது நன்று. நடப்போர் மழையில் வழுக்கும் சுண்ணக்கற் பாதைகளில் கவனமாயிருக்க வேண்டும்.

கார்மோவைக் கண்டபின் நமது யாழ்ப்பாணக் கோட்டையை நினையாதிருக்க முடியவில்லை. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் எழுப்பிய அக்கோட்டை, 1658 இல் ஒல்லாந்தர் வசமாகி, அவர்களால் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டப்பட்டது. அதனுள் 1706 இல் அவர்கள் கட்டிய சிலுவைவடிவத் தேவாலயமோ நம் கண்முன்னே நடந்த போரில் இடிந்தது. மதில்கள் திருத்தப்படுவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அத்தேவாலயத்தின் இடிபாட்டைப் புதுக்கட்டடமாக்கி மறைப்பதும், பற்றை வளரவிட்டு மண்மேடாக்குவதும் ஒருசேரத் தவறு. எஞ்சியவற்றை வலுப்படுத்தி, உள்ளே நடந்து பார்க்க வழிசெய்து, கட்டியவர் யார், இடிந்தது எவ்வாறு என்ற இரண்டையும் ஒளிக்காமல் மும்மொழியிலும் எழுதிவைக்குமாறு தொல்லியல் திணைக்களத்தை வேண்டுகிறேன்.

போருக்கு முன் அத்தேவாலயத்தில் எடுத்த ஒளிப்படங்கள் நமது வீடுகளிலும் புலம்பெயர்ந்தோர் வீடுகளிலும் இருக்கக்கூடும். அவற்றின் பிரதிகளைத் திரட்டிக் கோட்டையிலேயே காட்சிக்கு வைக்கும் பணியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்க வேண்டும். முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அது தொடங்கப்பட வேண்டும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.