பாட்டைக் கேட்கவிடாத கருத்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு வருடமாக ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரும் பழைய ஆம்ப்ளிஃபையரும் வைத்து, தினமும் ராத்திரி சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பவன் நான். போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் இரண்டே நிமிடம் கேட்டுவிட்டு, "பேஸ் ரொம்ப இரையுது, இதை மாத்திடுங்க" என்றார்; பேஸ் என்றால் பாட்டின் அடித்தொனி. அவ்வளவுதான். அதன்பின் வீணை கேட்டாலும் மிருதங்கம் கேட்டாலும் மனசு பாட்டில் நிற்காமல் குறை எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அடுத்தவர் சொல், கண்ணில் படுவது என்று ஒலிக்கு வெளியே இருப்பவையும் காதை மாற்றும் என்பது வெறும் பிரமை இல்லை. 1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் செய்த சோதனையில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கொடுத்த மதிப்பெண்களும் பார்க்காமல் கொடுத்தவையும் வேறு வேறாக இருந்தன. அப்புறம், ஒலி அளவு கொஞ்சம் கூடினாலே அந்தக் கருவிதான் உசத்தி என்று தோன்றிவிடும், கடையில் ஒப்பிட்டு வாங்கும்போது இதையும் கவனிக்க வேண்டும்.

நண்பர் சொன்னதில் விஷயம் இல்லாமலும் இல்லை. சுவர் மூலையில் இருந்த ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் நகர்த்தினேன், இரைச்சல் நன்றாகவே குறைந்தது, ஒரு பைசா செலவில்லை!

உங்கள் பத்திரிகையில் ஸ்பீக்கர் விமர்சனம் வரும்போது, எவ்வளவு பெரிய அறையில், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்துக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மதுரை