ராஜா எழுதியதும் பாடியதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு தம்பி 'இதயம் ஒரு கோவில்' பாடினார். நன்றாகவே பாடினார். பக்கத்தில் இருந்த மகளிடம், "இது இளையராஜா எழுதின பாட்டு" என்றேன். "மியூசிக் போட்டதைச் சொல்றீங்களாம்மா?" என்றாள். இல்லை, வரிகளும் அவருடையவைதான், 1985இல் வந்த 'இதயக் கோவில்' படத்துக்கு அவரே எழுதியது என்றேன். கைப்பேசியில் தேடிப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அன்றிலிருந்து இந்தக் கடிதம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது எனக்கு 15 வயது. அவர் இசையை எல்லாரையும் போல எனக்கும் அப்போதே பிடித்துவிட்டது. ஆனால் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது அவர் குரல். சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்த காலம். சிராங்கூன் சாலைக் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். என் பட்டியலைப் பார்த்த கடைக்காரர், "என்னம்மா, எஸ்பிபி இல்லை, ஜேசுதாஸ் இல்லை, எல்லாம் ராஜா பாடினதாவே இருக்கே?" என்று கேட்டார். ஆமாம், 90 நிமிடமும் அவர்தான் வேண்டும் என்றேன். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. சரி என்று 'ஜனனி ஜனனி'யை இரண்டு பக்கத்திலும் பதிந்து கொடுத்தார்.

மெருகு இல்லாத குரல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது வீட்டு மனிதரின் குரல். பக்கத்தில் உட்கார்ந்து, நமக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோலப் பாடுவார். அம்மா கடைசி மாதங்களில் எங்கள் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. 'நாயகன்' படத்தில் ராஜா பாடிய 'தென்பாண்டிச் சீமையிலே' போட்டால் மட்டும், போர்வைக்கு மேல் இருக்கும் வலது கைக் கட்டைவிரல் மெல்ல அசையும். பாட்டு முடிந்ததும் நின்றுவிடும். நான் திரும்பவும் போடுவேன்.

அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போன நாள்களில், சிறுவனாக இருந்த ராஜா பெண் குரலில் பாடுவாராம். வளர வளரக் குரல் உடைந்துபோனது. கைவிட்டுப் போன அந்தக் குரலின் ஏக்கம்தான் அவர் பாட்டில் இன்னும் கேட்கிறதோ என்று எனக்குத் தோன்றும். ரமணர் மீது அவரே எழுதி, மெட்டமைத்துப் பாடியவற்றைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அவருடைய சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. அப்போது அவருக்கு வயது 81. அந்தச் செய்தியைப் படித்து அழுதுவிட்டேன். என் மகளின் தலைமுறைக்கும் இது தெரியும், மகிழ்ச்சிதான். ஆனால் இசையமைப்பாளர் என்ற ஒரே சொல்லுக்குள் அவரை அடைத்துவிடுகிறோமே என்ற ஆதங்கமும் இருக்கிறது.

ஜூன் 2ஆம் தேதி அவர் பிறந்தநாள் கொண்டாடுகிறார். அதையொட்டி, அவர் எழுதிய பாட்டுகளுக்கும் பாடிய பாட்டுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க முடியுமா? அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாடா தேய்ந்துவிட்டது, கடைக்காரர் நீல மையில் எழுதிய பட்டியல் அழியவில்லை. வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஈசூன்