கணவாய் நரம்பும் கடலை எண்ணெயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நரம்பு மண்டலக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். 'செம்புக் கம்பியில் ஓடுவதுபோல நரம்பில் மின்சாரம் ஓடுகிறது' என்ற வரியில் மட்டும் தடுக்கி விழுந்தேன். முப்பது வருடம் அறிவியல் நடத்தியவளுக்கு அதை அப்படியே விட மனம் வரவில்லை.

கம்பியில் நகர்பவை எலக்ட்ரான்கள். நரம்பில் நகர்பவை உப்பின் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள். காலில் புறப்பட்ட அயனி மூளைவரை போய்ச் சேர்வதும் இல்லை. அங்கங்கே செல்லின் சவ்வைக் குறுக்கே கடந்து, பக்கத்து இடத்தை உசுப்பிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது.

வகுப்பில் 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி, இரண்டு ஆணி கொண்டு போவேன். ஆணிகளை உப்புத் தண்ணீரில் விட்டால் விளக்கு எரியும். கடலை எண்ணெயில் விட்டால் எரியாது. சவ்வும் கொழுப்புதானே, சுமார் 5 நானோமீட்டர் கனத்தில். இரு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் எண்ணெய்ப் படலம். அதைத் தாண்ட அயனிக்குப் புரதத்தால் ஆன கதவு வேண்டும்.

கதவு என்றால் சாதாரணக் கதவில்லை. பொட்டாசியம் கதவில் பொட்டாசியம் நுழையும். அதைவிடச் சிறிய சோடியம் நுழையாது! அயனி தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கழற்றியதற்கு ஈடாகக் கதவிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தைக் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கின்றன. சோடியத்துக்கு அவை எட்டுவதில்லை. 1998இல் அமெரிக்க விஞ்ஞானி மெக்கின்னனின் குழு இதன் வடிவத்தைக் கண்டது. 2003இல் அவருக்கு நோபல்.

1939இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் ஊசிக் கணவாயின் நரம்பிழைக்குள் மின்முனையை நுழைத்துச் சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை அளந்தார்கள். அந்த இழை அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், அதனால்தான் கணவாய். நம் நரம்பில் ஓய்வு நிலையில் அது சுமார் 70 மில்லிவோல்ட். அற்பமாகத் தோன்றும். சவ்வின் கனமான 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட். காற்று 30 லட்சத்திலேயே பொறி விட்டுவிடும்.

போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். டாக்டர் மரத்துப்போகப் போட்ட லிக்னோகெயின் ஊசி சோடியம் கதவுகளைத்தான் அடைக்கிறது. இரண்டு மணி நேரம் கன்னம் என்னுடையதாகவே இல்லை. அப்புறம் கதவு திறந்தது, வலியும் வந்தது.

அடுத்த பகுதியில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். நரம்பைச் சிவப்பு வயராக வரைந்த படத்தையும்தான்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி