முட்டைக்கோஸ் ரொட்டிக்கு எதற்கு கரம் மசாலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில் 'அமெரிக்கன் முட்டைக்கோஸ் பப்ஸ்' என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் பல வருடங்களாகக் குடியிருப்பவள் நான். எங்கள் ஊர்ப் பண்டம் தமிழ்ப் பத்திரிகை வரைக்கும் போய்விட்டதே என்று ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது, சோயா சாஸ், மேலே தூவத் துருவிய சீஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனதும், இதற்குப் பதில் எழுதாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில், இது பப்ஸே அல்ல. அடுக்கடுக்காக உதிரும் மாவு இதில் கிடையாது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவிட்ட, லேசாக இனிக்கும் பன் மாவு. உள்ளே மாட்டுக் கொத்துக்கறி, முட்டைக்கோஸ், வெங்காயம், உப்பு, மிளகுத்தூள். அவ்வளவுதான். நெப்ராஸ்காவில் நீளமாகச் செய்து ரன்ஸா என்பார்கள். தெற்கே கான்சாஸில் உருண்டையாகப் பிடித்து பியராக் என்பார்கள். கொலராடோ பக்கம் போனால் கிரவுட்பர்கர்.

முன்னுரையில் 'பிரபல உணவகம் ஒன்று 1949இல் கண்டுபிடித்த சிற்றுண்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். வருடம் சரி. சாலி எவரெட்டும் அவருடன் பிறந்த அலெக்ஸ் பிரெனிங்கும் லிங்கனில் ரன்ஸா கடை திறந்தது அந்த வருடம்தான். இன்று மாநிலம் முழுக்க அவர்கள் கிளைகள் இருக்கின்றன; பெயரும் அவர்களுடைய வணிக முத்திரை. நானும் அங்கே வாங்கிச் சாப்பிடுகிறவள்தான். ஜனவரி, பிப்ரவரி செவ்வாய்க்கிழமைகளில் காலை 6 மணிக்கு எத்தனை டிகிரி பாரன்ஹீட்டோ அத்தனை சென்ட்டுக்கு ஒரு ரன்ஸா என்று கொடுக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் குளிர்பானமும் வாங்கியாக வேண்டும் என்பது வேறு விஷயம்! ஆனால் கண்டுபிடித்தது அவர்கள் இல்லை. வீட்டில் சாப்பிட்டு வளர்ந்ததைத்தான் கடை போட்டு விற்றார்கள். அந்த வீடுகளின் கதையை நீங்கள் விட்டுவிட்டதுதான் எனக்கு மசாலாவைவிடப் பெரிய குறை.

அவை ரஷ்யாவின் வோல்கா கரையிலிருந்து வந்த ஜெர்மன் குடும்பங்களின் வீடுகள். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் பிறப்பால் ஜெர்மானியர். 1763இல் அவர், வோல்கா ஆற்றங்கரைப் புல்வெளிகளில் வந்து குடியேறுங்கள் என்று வெளிநாட்டாருக்கு அழைப்பு விட்டார். பட்டாளத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம், அவரவர் மதம் அவரவருக்கு, முதலில் சில காலம் வரியும் இல்லை. ஏழாண்டுப் போரில் நொந்துபோயிருந்த ஜெர்மன் குடும்பங்கள் கிளம்பிப் போய் சாரத்தோவ் வட்டாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களை உண்டாக்கின. ரஷ்யர்கள் பூரணம் வைத்துச் சுடும் பிரோக்கைப் பார்த்துத் தங்கள் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டதுதான் இந்த ரொட்டி. ஒரு நூற்றாண்டு கழித்து, 1871இல், கொடுத்த சலுகைகள் பறிபோயின. 1874இல் கட்டாய ராணுவ சேவையும் வந்தது. பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் கப்பலேறினார்கள். 1876இல் கான்சாஸின் எல்லிஸ் கவுண்டியில் ஊர்கள் எழுந்தன. லிங்கனில் அவர்களுக்குக் கிடைத்தது ஓடைக்கரையில் வெள்ளம் ஏறும் பள்ளப்பகுதி. நார்த் பாட்டம்ஸ், சவுத் பாட்டம்ஸ் என்று இன்றும் அதே பெயர்தான். ரயில்வேயில் கூலி, கோடை வந்தால் மாநிலத்தின் மேற்கே சர்க்கரை பீட்ரூட் வயல்களில் குடும்பத்தோடு களையெடுப்பு. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், மண் அப்பிய கையோடு துணியில் பிடித்துக் கடித்துக்கொள்ளலாம் என்பதால் வயலுக்கு இதற்கு இணையான சாப்பாடு இல்லை.

அதே மக்களில் ஒரு பகுதியினர் அர்ஜென்டினாவின் என்ட்ரே ரியோஸ் மாகாணத்துக்குப் போனார்கள். அங்கே இதன் பெயர் பிரோக். வோல்காவிலேயே தங்கிவிட்டவர்களை 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடுகடத்த உத்தரவிட்டது. எனக்கு இதைச் செய்யக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அந்தப் பேச்சை எடுத்தால், மாவுக் கையை உதறிவிட்டு எழுந்து போய்விடுவார். நான் அதற்குமேல் கேட்டதில்லை.

செய்முறைக்கு வருகிறேன். மாவு விஷயத்தில் உங்கள் குறிப்பைக் குறை சொல்ல மாட்டேன். அரைக் கிலோ மைதாவுக்கு ஒரு கோப்பை வெதுவெதுப்பான பால், ஒரு முட்டை, கால் கோப்பை சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், உப்பு, இரண்டேகால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட். இறுக்கமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பால். பிசைந்து மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகிவிடும்.

கெடுவதெல்லாம் பூரணத்தில்தான். பச்சைக் கறியையும் பச்சைக் கோஸையும் சேர்த்துப் பிசைந்து மாவுக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படி வைத்தால் கோஸ் விடுகிற தண்ணீரும் கறி விடுகிற கொழுப்பும் அடிமாவில் இறங்கி, மேலே சிவந்தும் அடியில் களியாகவும் வரும். அரைக் கிலோ கறியை முதலில் தனியாக வதக்கி, மிதக்கிற கொழுப்பை வடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு வெங்காயம், பொடியாக அரிந்த பாதி முட்டைக்கோஸ். இப்போது மூடி போடாதீர்கள். சட்டியின் நடுவில் கரண்டியால் பூரணத்தை ஒதுக்கிப் பாருங்கள். அந்த இடத்துக்குத் தண்ணீர் ஓடி வந்தால் இன்னும் அடுப்பில் இருக்க வேண்டும். மிளகுத்தூளைத் தாராளமாகவே போடலாம், ஏனென்றால் இதில் காரம் என்று இருப்பது அது ஒன்றுதான். பாட்டியின் கணக்கு: தும்மல் வந்தால் சரியாக இருக்கிறது.

பூரணம் முழுக்க ஆறிய பிறகே மாவைத் தொட வேண்டும். சூட்டோடு வைத்தால் மாவிலுள்ள வெண்ணெய் இளகி, கையிலேயே கிழியும். மாவைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சாண் அகலச் சதுரமாகத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, ஓரங்களைக் கிள்ளி மூடுங்கள். கவனிக்க வேண்டியது விளிம்பை. அங்கே துளி கொழுப்பு பட்டாலும் மாவு ஒட்டாது. ஓவனுக்குள் போனதும் வாய் பிளந்துகொள்ளும். பாட்டி வலது கையால் பூரணத்தை அள்ளி வைப்பார், கிள்ளுவதெல்லாம் இடது கைதான். அந்தக் கை பூரணத்தின் பக்கமே போகாது. மூடிய பக்கம் அடியில் இருக்கும்படி தட்டில் அடுக்கி, இருபது நிமிடம் பொங்கவிட்டு, 180 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் சுட்டால் பொன்னிறமாகிவிடும். வெளியே எடுத்ததும் வெண்ணெய் தடவுவதோடு வேலை முடிந்தது. மிஞ்சியதைச் சுற்றி ஃப்ரீசரில் வைத்து வேண்டும்போது சூடாக்கிக்கொள்ளலாம். இங்கே சர்ச்சுகளில் நிதி திரட்ட டஜன் கணக்கில் செய்து விற்பதே இப்படி உறையவைத்துத்தான்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியில் செய்யலாம், நன்றாகவே வரும். கோழி வறண்டுபோகும், எனக்குப் பிடிக்கவில்லை. சீஸ் வைத்து இங்கேயும் விற்கிறார்கள், ஆகவே அதைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். கரம் மசாலா சேர்த்துச் செய்வதும் ருசியாகத்தான் இருக்கும், தாராளமாகச் செய்யட்டும். கறி பன் என்று பெயர் வைத்தால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. நெப்ராஸ்காவின் பெயரைப் போட்டுவிட்டு அதைச் செய்வதுதான் உறுத்துகிறது. கோஸின் மெல்லிய இனிப்பும் மிளகும் மாவின் பால்மணமும் சேர்ந்து வருகிற ருசி, பட்டை கிராம்பு வந்ததும் காணாமல் போய்விடும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட இடம் குறைவு என்றால், பூரணத்தை வதக்கி ஆறவிட்டு வைக்கவும் என்ற ஒரு வரியையாவது போடுங்கள். உங்கள் குறிப்பைப் பார்த்து யாராவது இந்த ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி வாங்கிவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
லிங்கனிலிருந்து ஒரு வாசகி