பையைத் தோளில் போடு, பத்மா

அன்புள்ள பத்மா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுகள் வீங்கி நோகும் ரூமட்டொயிட் வாதம் என்று டொக்டர் சொன்னதிலிருந்து மகள் உன்னைக் கடைக்கே விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே பாட்டுத்தான். அரிசி, சீனி, பருப்பு எல்லாவற்றையும் போனில் சொல்லி வீட்டுக்கே எடுத்துவிடுகிறேன். சரி, அது நல்லதுதான். ஆனால் கத்தரிக்காயை நான் பார்த்துத்தான் வாங்குவேன். வெள்ளவத்தை மார்க்கட்டில் நாலு பேரோடு கதைக்கவும் வேண்டும். அதை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த வருத்தத்தில் காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்கும். அதனால் பத்து மணிக்கு முன் நான் வாசல் தாண்டுவதில்லை. நல்ல மீன் அதற்குள் முடிந்துவிடும். போகட்டும்.

அப்புறம் பை. விரலில் கொழுவித் தூக்காதே. சின்ன மூட்டுத் தாங்கும் பாரத்தைப் பெரிய மூட்டுக்கு மாற்றவேண்டும் என்று பிசியோதெரபி செய்யும் பிள்ளை சொல்லித்தந்தாள். பேரனின் பழைய பள்ளிக்கூடப் பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு காலி வீதியில் நடக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சில்லுப் பை ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். நடைபாதை இருக்கும் நிலையில் உருட்டியதைவிடத் தூக்கியதுதான் கூட. இப்போது அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

100ஆம் நம்பர் பஸ்ஸின் படி உனக்கு ஞாபகம் இருக்கும்; அந்த உயரம் இன்னும் குறையவில்லை. ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது நோகிற காலை. ஊன்றுகோல் நோகிற முழங்காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்கவேண்டும். நோ கூடிய நாளில் வீம்பு பார்க்காமல் ஓட்டோவைப் பிடித்துவிடு.

பாமசி விஷயத்தை மட்டும் கவனமாக வாசி. மெதோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதித் தந்திருந்தால், இந்த வருத்தத்துக்கு அதைக் கிழமையில் ஒரு நாள்தான் போடுவது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த நாள் என்று உறையிலேயே எழுதித் தரச் சொல். அழுத்தித் திருகும் மூடியுள்ள போத்தல் தந்தால், சாதாரண மூடி போட்டுத் தரும்படி கேள். கேட்பதில் வெட்கம் என்ன?

விரல் கோணியதில் என் கையெழுத்தும் மாறிவிட்டது. வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். போய்ப் புது மாதிரிக் கையெழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். உனக்கும் பென்ஷன் புத்தகம் இருக்கிறது, முன்கூட்டியே பார்த்து வை.

ஆடிவேல் திருவிழாவுக்குக் கொழும்பு வந்தால் எங்கள் வீட்டில்தான் நிற்கவேண்டும். மாடிதான், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. வரும்போது பனங்கட்டி கொஞ்சம் கொண்டுவா. புழுக்கொடியல் வேண்டாம், இப்போது பல்லும் சரியில்லை.

அன்புடன்,
ராணி