அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் பராமரிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்வது) பார்க்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பார்க்கட்டும், சரி. பார்த்ததில் என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லையே! நாமக்கல்லில் இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மெஷின் காட்டுவதில் முக்கியமானவை மூன்று கோணங்கள். வண்டியை மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே ஒடுங்கியிருக்கிறதா, வெளியே விரிந்திருக்கிறதா என்பது டோ. எதிரே நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பாகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். வளைவில் திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் தானாக நேராக வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

டயரை அதிகம் தின்பது டோ. ஒரு சக்கரம் 6 மினிட், அதாவது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு விலகி உருண்டால், கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிற கணக்கு. டயர் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, அப்புறம் உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் மாதிரியும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ஓரமோ வெளிஓரமோ மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம்.

மெஷின் வருவதற்கு முன் லாரிகளுக்கு எப்படிப் பார்த்தோம் தெரியுமா? முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றவிட்டு, டயரில் சாக்பீஸைத் தேய்த்து, நடுவில் ஆணியால் கோடு இழுப்போம். இறக்கியபின் இரண்டு டயரின் கோடுகளுக்கும் இடையே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. வித்தியாசம்தான் டோ, மில்லிமீட்டர் கணக்கில். ஓனர் பக்கத்திலேயே குனிந்து டேப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது கேமரா வைத்த மெஷின்; ஓனர் ஏசி அறையில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார். தகராறுகளுக்கு வழி அங்கேதான்.

வெளியே வந்து நில்லுங்கள். காற்று அளவைச் சரிபார்த்தார்களா, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்களா என்று கவனியுங்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்டிலோ, அதை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்டிலோ ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. கேமரா வைத்த 3டி மெஷினில், கேமரா பார்ப்பதற்கான டார்கெட் பலகைகளைச் சக்கரங்களில் மாட்டியதும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டுவார்கள். மாட்டியதில் உள்ள கோணலைக் கழிக்கத்தான் அது. காஸ்டரை எந்த மெஷினும் நேராக அளப்பதில்லை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பும்போது கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. ஸ்டியரிங்கைத் தொடாமலேயே காஸ்டர் எண் கொடுத்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

அடுத்தது 'கேம்பர் அவுட், தனியாகப் பணம் ஆகும்' என்ற பேச்சு. அவுட் என்றால் வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். பல சிறிய கார்களில் முன்சக்கரத்தின் டோவை மட்டும்தான் முறைப்படி மாற்ற முடியும். கேம்பருக்குத் திருகும் வசதியே கிடையாது. பல கடைகளில் ஹைட்ராலிக் கருவியால் ஸ்ட்ரட்டை, அதாவது ஷாக் அப்சார்பர் தூணை, அழுத்தி வளைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பள்ளத்தில் இறங்கி சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். நல்ல பாகத்தை வளைத்து எண்ணை மட்டும் திரையில் பச்சைக்கு, அதாவது வரம்புக்குள், கொண்டுவருவது வைத்தியம் ஆகாது. கேம்பர் அவுட் என்றால், கம்பெனி கொடுத்த வரம்பு எது, என் வண்டியின் அளவு எது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். மினிட்டில் காட்டும் மெஷினில் 0°30' என்றால் அரை டிகிரி. தசமத்தில் காட்டும் மெஷினில் அதே அளவு 0.50. இதைக் குழப்பிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு.

வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு அளவும் உள்ள ரிப்போர்ட்டை மெஷினே அச்சடித்துத் தரும். பேப்பர் தீர்ந்துவிட்டது என்றால் திரையையாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி ரிப்போர்ட் ஒன்றை உங்கள் வாகனப் பக்கத்தில் படமாகப் போட்டு விளக்கினால் நன்றாக இருக்கும். இதே ஊரில் தொழில் செய்ய வேண்டியிருப்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

– அலைன்மென்ட் கடைக்காரர், நாமக்கல்